டைல் போட்டால் மட்டும் ஸ்டாட்டிக் போய்விடாது

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு அசெம்பிளி யூனிட். எல்ஈடி டிரைவர் போர்டு, அதாவது எல்ஈடி விளக்குக்கு கரண்ட் கொடுக்கும் சர்க்யூட் போர்டு செய்கிறார்கள். விற்ற போர்டுகள் பழுதாகித் திரும்பி வருவது கூடிக்கொண்டே போகிறது, காரணம் பிடிபடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் ஸ்டாட்டிக் மேல், அதாவது நடக்கும்போது உரசலில் உடம்பில் ஏறி, தொட்டதும் போர்டில் பாயும் சார்ஜ். அதற்காகவே தரை முழுக்க கண்டக்டிவ் (சார்ஜைக் கடத்தும்) வினைல் டைல், நல்ல சரக்கு, செலவும் தாராளமாகத்தான் செய்திருக்கிறார்கள். அடியில் ஓடும் காப்பர் ஸ்ட்ரிப் எங்கே போகிறது என்று தேடினால், சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறது. எர்த் எதிலும் சேரவில்லை. டைல் போட்டவர் அது எலெக்ட்ரீஷியன் வேலை என்று போய்விட்டார், எலெக்ட்ரீஷியனிடம் யாரும் சொல்லவே இல்லை. இதே கதையை யூனிட் யூனிட்டாகப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

"எங்களுது இஎஸ்டி ஃப்ளோர் சார்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இஎஸ்டி என்றால் அந்த ஸ்டாட்டிக் சார்ஜ் சட்டென்று பாய்வது, அதைத் தடுக்கும் தரை என்று அர்த்தம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தரை தனியாக எதையும் காப்பாற்றாது. ஆள் உடம்பில் ஏறிய சார்ஜ் ஹீல் ஸ்ட்ராப் (செருப்பின் குதிகாலில் மாட்டும் கடத்தும் பட்டை) வழியாக டைலுக்கு வந்து, கண்டக்டிவ் பசை, காப்பர் ஸ்ட்ரிப் என்று இறங்கி எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒன்று அறுந்தாலும் மீதி எல்லாம் வீண். எவ்வளவு உசத்தியான டைலாக இருந்தாலும், அதன்மேல் ரப்பர் செருப்போடு நடக்கிறவருக்கும் அந்தத் தரைக்கும் சம்பந்தமே கிடையாது.

இது நானாகச் சொல்வதில்லை. இஎஸ்டி தடுப்புக்கான எஸ்20.20 என்ற அமெரிக்கத் தரநிலை ஆள், காலணி, தரை மூன்றையும் சேர்த்தேதான் அளக்கச் சொல்கிறது. மொத்த ரெசிஸ்டன்ஸ் (சார்ஜ் இறங்குவதற்கு இருக்கும் தடை, ஓமில் அளப்பது) 100 கோடி ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், அதோடு அந்த ஆள் நடக்கும்போது உடம்பில் ஏறும் வோல்டேஜ் 100 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேண்டும். சப்ளையர் காட்டும் சர்டிஃபிகேட்டில் பெரும்பாலும் டைலின் ஓம் கணக்கு மட்டும்தான் இருக்கும். சில எபாக்சி தரைகளில் ஓம் கணக்கு அழகாக வரும், ஆனால் மேலே அடித்த பளபளப்பான கோட்டிங் சார்ஜை இறங்க விடாது, நடந்து பார்த்தால் வோல்டேஜ் எகிறும். அதனால்தான் வாக்கிங் டெஸ்ட் எடுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறோம்.

"எனக்கு ஷாக்கே அடிக்கலையே சார்" என்று வாதாடுகிறவர்களுக்கு: மனிதத் தோலுக்கு உறைக்கவே ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டுக்கும் கீழேயே செத்துப்போகும் ஐசிக்கள் (போர்டில் இருக்கும் சிப்புகள்) இருக்கின்றன. பாதி அடிபட்ட ஐசி அதைவிட மோசம், உங்கள் டெஸ்டிங்கில் பாஸாகி, வாடிக்கையாளர் வீட்டில் போய்ப் பழுதாகும். சென்னை ஈரக்காற்றில் ஸ்டாட்டிக் வராது என்பதும் வேண்டாம். வெளியே எவ்வளவு வேர்த்தாலும் உங்கள் ஹாலில் ஏசி ஓடிக் காற்றை உலர்த்திவிடுகிறது.

அடுத்து எர்த் பிட். இஎஸ்டிக்கென்று தனியாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, அது மெயின் எர்த்தோடு கலக்கக் கூடாது, கலந்தால் அழுக்காகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. தப்பு, ஆபத்தும்கூட. எங்காவது ஃபால்ட் வந்தாலோ இடி விழுந்தாலோ இரண்டு எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வரும், ஒரு கை மெஷினிலும் மறு கை மேஜைமேல் விரித்த இஎஸ்டி விரிப்பிலும் இருக்கிறவர்தான் நடுவில் மாட்டுவார். மெயின் ஸ்விட்ச் போர்டில் இருக்கும் எலெக்ட்ரிகல் எர்த்திலேயே தரையைச் சேருங்கள், அதுதான் முதல் வழி. தனிக் குழி ஏற்கெனவே இருந்தால் மெயின் எர்த்தோடு ஒயர் போட்டு இணைத்து, இரண்டுக்கும் நடுவே 25 ஓமுக்குள் வருகிறதா என்று அளந்துவிடுங்கள்.

தினசரி விஷயங்களுக்கு வருவோம். ஹீல் ஸ்ட்ராப் இரண்டு காலிலும் வேண்டும், ஒரு கால் தூக்கும்போது மற்றது தரையில் இருக்கும். அதன் நாடா சாக்ஸுக்குள் போகட்டும், பேன்ட் மடிப்பில் தொங்குவதால் பயனில்லை. ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஸ்ட்ராப் சரியா என்று காட்டும் டெஸ்டரில் ஏறி நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டை எர்த்தோடு சேர்க்கும் ஒயர் வைத்த பட்டை) மாட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்ததும் கால் நாற்காலிக் கம்பியில் ஏறிவிடுகிறது, அப்புறம் தரை என்ன செய்யும்? ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடம் சாதா மெழுகுப் பாலிஷைக் கொடுக்காதீர்கள். டைல்மேல் அது தடுப்பாக உட்கார்ந்துவிடும். அவர்கள் மேல் தப்பில்லை, பளபளக்கணும் என்று கேட்டது நாம்தான்.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள். முழு ஹாலுக்கும் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மூலையில் கொஞ்சம் போட்டு, எர்த்தில் சேர்த்து, உங்கள் ஆட்களின் காலணியோடு, ஏசி ஓடும்போது நடக்கவைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். தரையில் வைத்து அளக்கும் 2.27 கிலோ எலெக்ட்ரோடும் (எடைக்கட்டை) அதற்கான மீட்டரும் கொண்டுவரட்டும், மல்டிமீட்டர் முனையை டைலில் குத்திக் காட்டுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போர்டை 230 வோல்ட்டில் ஓட்டிப் பார்க்கும் மேஜை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே ரொம்பக் குறைந்த ஓம் தரை ஆளுக்கு ஆபத்து, 10 லட்சம் ஓமுக்கு மேற்பட்ட டிசிபேட்டிவ் வகை (சார்ஜை மெதுவாக இறக்கும் தரை) பார்க்கலாம், ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டுவிடுங்கள். அந்த மேஜையில் கரண்ட் ஓடும்போது ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.