மலை ஏற ஏறக் காற்று குறையும்: பைக்ஸ் பீக் கார் பந்தயம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது பைக்ஸ் பீக் மலை. அங்கே நடக்கும் கார் பந்தயம் சுமார் 2,860 மீட்டர் உயரத்தில் தொடங்கும். 20 கிலோமீட்டர் தூரம், 156 வளைவுகள் தாண்டி 4,300 மீட்டர் உயரச் சிகரத்தில் முடியும். கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விடுவார்கள். போட்டி நாளன்று ஆளுக்கு ஒரே ஓட்டம்; அதில் தவறினால் அடுத்த வருஷம்தான். பயிற்சியும் விடியற்காலையில், பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான்.

வளைவுகளைவிட எஞ்சினை அதிகம் படுத்துவது காற்று. பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். சிகரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. சிலிண்டரின் கொள்ளளவு மாறுவதில்லை, ஆனால் அதற்குள் போகும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சமவெளியில் 300 குதிரைத்திறன் தரும் சாதாரண எஞ்சின் உச்சியில் 200 தருவதே பெரிய விஷயம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. அடிவாரத்துக்குச் சரியாக வைத்தால் மேலே போகப் போகப் பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் திணறும். சிகரத்துக்கு ஏற்றபடி வைத்தால் கீழே பெட்ரோல் போதாது.

அந்தத் தொல்லையோடுதான் பந்தயம் பிறந்தது. மலைச்சாலையை அமைத்த ஸ்பென்சர் பென்ரோஸ் 1916இல் முதல் போட்டியை நடத்தினார். வென்ற ரே லென்ட்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் கிட்டத்தட்ட 21 நிமிடம். அப்புறம் பல பத்தாண்டுகள் அன்சர் என்ற அமெரிக்கப் பந்தயக் குடும்பத்தின் ராஜ்ஜியம். பாபி அன்சர் மட்டும் 10 முறை ‘மலையின் அரசர்’, அதாவது எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து ஒட்டுமொத்த வெற்றியாளர், ஆனார்.

எண்பதுகளில் டர்போ வந்து நிலைமையை மாற்றியது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சுழலி சுற்றும். அதே தண்டில் மாட்டிய இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். மெலிந்த காற்றையும் இப்படி அடர்த்தியாக்கலாம். ஆனால் மேலே போகப் போக டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அமுக்கிய காற்றும் சூடாகும், அதைக் குளிர்விக்க வரும் காற்றோ குறைவு. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் சுழலி தளரும். மறுபடி வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். 156 வளைவுகளில் அந்தக் கணங்களைக் கூட்டிப் பாருங்கள்! இதையெல்லாம் சமாளித்து, 1985இல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஆடி (Audi) காரில் வென்றார் மிஷேல் மூட்டோன். ஒட்டுமொத்தப் பட்டம் வென்ற முதல் பெண் அவர்தான். மறு வருஷமே பாபி அன்சர் அதே நிறுவனத்தின் காரில் திரும்பி வந்து மூட்டோனின் சாதனை நேரத்தைப் பறித்தார். 1988இல் பெஜோ காரில் அரி வட்டனன் 10 நிமிடம் 47 விநாடியில் ஏறினார். அத்தனையும் மண் சாலையில், சக்கரங்கள் வழுக்கிக்கொண்டே. என்னைக் கேட்டால், இன்றைய நேரங்களோடு இதை ஒப்பிடவே கூடாது.

2011இல் ஜப்பானின் நோபுஹிரோ தஜிமா முதன்முதலாக 10 நிமிடத்துக்குள் வந்தார். 2012 முதல் பாதை முழுக்கத் தார்ச்சாலை. 2013இல் செபாஸ்தியன் லோப் 8 நிமிடம் 13 விநாடி! அவருடைய பெஜோவின் எடை 875 கிலோ, திறனும் 875 குதிரை. பின்னால் ராட்சத இறக்கை. காரைச் சாலையோடு அழுத்துவதும் காற்றுதானே. அது மெலிந்தால் அழுத்தமும் குறையும், இறக்கையைப் பெரிதாக்கித்தான் ஈடுகட்ட வேண்டும்.

மின் மோட்டாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை. 2015இல் ரீஸ் மில்லன் மின்காரில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றார். 2018இல் ரொமெய்ன் டூமா ஃபோக்ஸ்வேகன் மின்காரில் 7 நிமிடம் 57 விநாடியில் சிகரம் தொட்டார். சராசரி மணிக்கு 150 கிலோமீட்டர். 1,100 கிலோ காரை 1,440 மீட்டர் உயர்த்த மட்டும் சுமார் 4.3 யூனிட் மின்சாரம் போதும். மிச்சச் செலவெல்லாம் வேகமெடுக்கவும் காற்றைக் கிழிக்கவும்தான். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி ஒரு பகுதியைத் திருப்பித் தரும், அதனால் பேட்டரியைச் சிறிதாக வைக்கலாம். மோட்டாருக்குக் காற்று வேண்டாம் என்றாலும் காரை அழுத்த அது வேண்டுமே; அதனால் டூமாவின் காருக்கும் பிரம்மாண்ட இறக்கை உண்டு.