வட்டு அங்கேயேதான் இருக்கிறது, லினக்ஸுக்கு ஏன் தெரியவில்லை?

பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) சாட்டா முறையை, அதாவது கணினி வட்டோடு பேசும் விதத்தை, பழைய ஐடிஇ-யிலிருந்து புதிய ஏஹெச்சிஐ-க்கு மாற்றினேன், ரூட் பார்ட்டிஷனே (லினக்ஸ் இருக்கும் வட்டுப் பகுதி) இல்லை என்று சொல்லிக் கறுப்புத் திரையில் நின்றுவிட்டது, திரும்ப ஐடிஇ வைத்தால் ஒழுங்காக வருகிறது, ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை. அதில் ஒரு பைட்கூட மாறவில்லை. ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி போடு என்று யாராவது சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். காரணம் தெரியாமல் செய்யும் பரிகாரம் அது.

மாறியது கன்ட்ரோலரின், அதாவது வட்டைக் கணினியோடு இணைக்கும் சிப்பின், அடையாளம். இப்படி பிசிஐ என்ற உள் இணைப்பில் இருக்கும் சாதனம் ஒவ்வொன்றும், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கேட்டால், தயாரிப்பாளர் எண், மாடல் எண், வகை எண் எல்லாம் சொல்லும். 2008 வாக்கில் வந்த பல லேப்டாப்களில் இருந்த இன்டெல் ஐசிஹெச்9எம் சிப்பையே பாருங்கள். தயாரிப்பாளர் எண் 8086 (ஆமாம், அந்தப் பழைய பிராசஸரின் எண்ணேதான்). ஐடிஇ முறையில் மாடல் எண் 2928 என்று சொல்லும் அதே சிப், ஏஹெச்சிஐ-க்கு மாற்றியதும் 2929 என்கிறது. கெர்னலைப் பொறுத்தவரை இது வேறு ஆள். முன்னதற்கு ஏடிஏ-பிக்ஸ் என்ற டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்), பின்னதற்கு ஏஹெச்சிஐ டிரைவர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த வகை எண்தான். ஏஹெச்சிஐ முறையில் இருக்கும் கன்ட்ரோலர் 01, 06, 01 என்று சொல்லும். முதல் 01 சேமிப்புச் சாதனம், 06 சாட்டா, கடைசி 01 ஏஹெச்சிஐ. டிரைவருக்குள், தயாரித்தது யாராக இருந்தாலும் சரி, இந்த மூன்று எண்ணும் வந்தால் என்னைக் கூப்பிடு என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியால், டிரைவர் எழுதியவர் கண்ணால் பார்த்தே இராத, அதற்கப்புறம் வேறொரு கம்பெனி செய்த சிப்பும் ஓடுகிறது! ஏஹெச்சிஐ எப்படி வேலை செய்யும் என்ற ஆவணத்தை இன்டெல் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டதால் வந்த நன்மை இது. வன்பொருள் செய்கிற எல்லோரும் இப்படி வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, டிரைவர்தான் இருக்கிறதே, ஏன் ஓடவில்லை? அது இருப்பது வட்டில், வட்டைப் படிக்க அதுவே வேண்டும். லினக்ஸைத் தொடக்கும் க்ரப் என்ற நிரலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பயாஸ் வழியாகவே படித்து கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றிவிடும். மூட்டையில் உள்ள டிரைவர்களை வைத்துத்தான் கெர்னல் வட்டைத் திறக்க வேண்டும். டெபியன் வழக்கமாக அதில் பெரும்பாலான டிரைவர்களைக் கட்டிக் கொடுத்துவிடும். மூட்டை சிறிதாகட்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் 'டெப்' என்று போட்டிருந்தால், அன்றைக்கு இருந்த வன்பொருளுக்கு வேண்டியது மட்டும்தான் உள்ளே போகும். அப்போது இருந்தது 2928.

ஆகவே முதலில் ஐடிஇ-யிலேயே லினக்ஸைத் திறந்து, இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பில் ஏஹெச்சிஐ என்று ஒரு வரி சேர்த்து, மூட்டையைப் புதுப்பிக்கும் கட்டளையை ரூட்டாக ஓட்டுங்கள். அப்புறம் பயாஸில் மாற்றுங்கள். ஏஹெச்சிஐ-யின் பலனாக, வட்டு ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வாங்கிவைத்து, தனக்குத் தோதான வரிசையில் முடிக்கத் தொடங்கும்.