கடலில் முங்கிய போனை கேமராவுக்காக வாங்காதீர்கள்

ஆடி அமாவாசையோ தை அமாவாசையோ முடிந்து சில வாரம் ஆனால் போதும், என் சர்வீஸ் மேசைக்கு ஒரே மாதிரிப் போன்கள் வர ஆரம்பித்துவிடும். நாலைந்து வருடத்துக்கு முந்தைய விலை உயர்ந்த மாடல், அருமையான கேமரா, உள்ளே உப்பு. கொண்டுவருபவர் பல சமயம் அதைத் தண்ணீரில் போட்டவர்கூட இல்லை. போட்டவரிடம் ஏமாந்து வாங்கியவர். கடைசியாக வந்தது ஒரு பாம்பன் தம்பி. மீன்பிடி வீடியோ எடுத்து யூடியூபில் போடலாமென்று செகண்ட்ஸில் வாங்கியிருக்கிறார். கேமராவைத் திறந்தால் படம் தானாக நடுங்குகிறது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் செம்பு மாதிரி கேமரா கனெக்டரில் பச்சைக் களிம்பு. பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கேமரா போன் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. கூகுள் பிக்சல் 3 வந்தது 2018இல், பின்கேமரா 12.2 மெகாபிக்சல்தான். 50, 64 என்று அட்டைப்பெட்டியில் எண்ணைப் பெரிதாக அச்சடித்து விற்கும் மலிவுப் போன்கள் பலவற்றைவிட அது இன்றும் நல்ல படம் எடுக்கும். சென்சாரின் (ஒளியைப் பிடிக்கும் சில்லு) அளவும், லென்ஸும், உள்ளே ஓடும் மென்பொருளும் சேர்ந்ததுதான் படம். அதற்காக ரொம்பவும் பின்னால் போய்விடாதீர்கள். 2013இல் வந்த லூமியா 1020இல் 41 மெகாபிக்சல், அந்தக் காலத்துக்குப் பெரிய சென்சார். ஆனால் விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப் 2019 கடைசியோடு நின்றுவிட்டது. எடுத்த படத்தை எப்படி அனுப்புவீர்கள்? ஆண்ட்ராய்டிலும் பாதுகாப்பு அப்டேட் நின்று வருடக்கணக்கானால், பேங்க் ஆப் ஒருநாள் திறக்காமல் போகலாம். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, என்னை அதிகம் கடுப்பேற்றும் வசனத்துக்கு வருகிறேன். "அண்ணே, இது ஐபி68, தண்ணி போகாது."

ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் போன் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக்குறியீடு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம். ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையாக, கம்பெனி சொல்லும் ஆழமும் நேரமும். சாம்சங் வழக்கமாகச் சொல்வது 1.5 மீட்டர், அரை மணி நேரம். இந்தச் சோதனையெல்லாம் அலையில்லாத நல்ல தண்ணீரில், புத்தம் புதுப் போனில் நடப்பது. நம் கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தனுஷ்கோடி அலை வந்து அடிக்கிற அடி அந்தச் சோதனைத் தொட்டியில் கிடையாது. அப்புறம், தண்ணீரைத் தடுப்பது மந்திரம் இல்லை, பசையும் ரப்பரும். வெயிலில் காய்ந்து, இரண்டு முறை கீழே விழுந்து, ஒரு தடவை பேட்டரி மாற்றத் திறந்த போனில் அந்தப் பசை எந்த நிலையில் இருக்கும்? தண்ணீர் தாங்கும் திறன் நிரந்தரமில்லை என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. குளத்திலும் கடலிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பதுபோல விளம்பரம் செய்ததற்கு! ஈரத்தோடு சார்ஜ் போட்டால் சார்ஜிங் போர்ட் (சார்ஜர் செருகும் ஓட்டை) அரித்துப்போகும் ஆபத்தைச் சொல்லவில்லை என்பதே அந்த வழக்கு. அதே போர்ட்டைத்தான் நான் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட்டால் பாவம் போகலாம். பாக்கெட்டில் போன் இருந்தால் அதன் சர்க்யூட் போர்டும் சேர்ந்து போகும்.

ஆகவே வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, சார்ஜிங் ஓட்டையை. டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேச்சே வேண்டாம். பல போன்களில் சிம் ட்ரேயை உருவினால் உள்ளே வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். தண்ணீர் பட்டிருந்தால் அது சிவந்திருக்கும். வெள்ளையாக இருப்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம், புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் துபாய் சாமான் என்றால் கேள்வி கேட்காமல் வாங்குகிறீர்கள். துபாயில் வாங்கிய போனும் ஏர்வாடிக் கடலில் விழும், ஐயா.

பிறகு கேமரா. தூரத்துப் பனைமரத்தைக் காட்டுங்கள், உடனே உள்ளங்கையைக் காட்டுங்கள். போகஸ் முன்னும் பின்னும் அலைந்தாலோ, காதருகே வைத்தால் ரீங்காரம் கேட்டாலோ வேண்டாம். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒரே இடத்தில் கரும்புள்ளி, ஓரத்தில் மங்கல், நிறக்கோடு எதுவும் இருக்கக் கூடாது. (திருவிழா மேடை லேசரை நேராகப் படமெடுத்தால் சென்சாரில் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.) இரண்டு, மூன்று லென்ஸ் உள்ள போனா? நல்ல வெயிலில், தூரத்துப் பொருளை ஜூம் வைத்துக் காட்டி, மெயின் லென்ஸை விரலால் மூடுங்கள். படம் இருண்டுபோனால், ஜூம் லென்ஸ் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுங்கள். மெயின் கேமராவின் படத்தையே போன் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கும். இரவில் தெருவிளக்கைக் காட்டினால் ஒளி நீளமாக இழுபடுகிறதா? லென்ஸ் மேல் கண்ணாடியை மட்டமான சரக்கால் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாகப் பத்து நிமிடம் தொடர்ந்து வீடியோ எடுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

முன்னால் வைத்திருந்தவர் புல்லட் ஓட்டியா என்றும் கேளுங்கள். ஹேண்டில்பாரில் போனை மாட்டினால் இன்ஜின் அதிர்வில் கேமரா கெடலாம் என்று 2021இலேயே ஆப்பிள் எச்சரித்துவிட்டது.

*#06# போட்டு ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுத்து, ஆங்கிலத்தில் கே-ஒய்-எம் என்று மூன்று எழுத்து அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது, போலி எண் என்று பதில் வந்தால், காசைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கிய போனையும் கடலில் போட்டுவிட்டீர்களா? ஆப் பண்ணுங்கள். சார்ஜ் போடாதீர்கள், 'ஆன் ஆகுதா' என்று பார்க்காதீர்கள், தயவுசெய்து அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். அரிசி உப்பை எடுக்காது, போர்ட்டில் தூசியைத்தான் சேர்க்கும். அன்றைக்கே கொண்டுவாருங்கள். மூன்று நாள் காயவைத்துப் பார்த்துவிட்டு வந்தால் போட்டோக்களையாவது எடுத்துத்தர முடியுமா என்றுதான் பார்க்கலாம், அதுவும் உறுதியில்லை.