டோல்கேட்டில் கேட்டால்தான் கிடைக்கும்: குமரி மாவட்ட வண்டிக்காரர்களுக்கு ஃபாஸ்டேக் சலுகைகள்

ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு இரட்டைக் கட்டணம் என்ற விதி 2021 பிப்ரவரியில் ஒரே நள்ளிரவில் நாடு முழுக்க அமலுக்கு வந்தது. அதற்கு யாரும் மனுக் கொடுக்கவில்லை, படிவம் நிரப்பவில்லை. உள்ளூர்க்காரருக்கு அதே சுங்க விதிகளில் இருக்கும் சலுகைக்கு மட்டும் ஆதாரையும் ஆர்சி புக்கையும் தூக்கிக்கொண்டு நாம்தான் அலைய வேண்டும். நாகர்கோவில் பக்கத்துத் திருப்பதிசாரம் டோல்கேட் வழியாக அடிக்கடி போய்வருகிறவர்களில் பலர் கேட்காமலேயே முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வெள்ளை போர்டு கார், அதாவது சொந்த உபயோகக் கார். வீடு சுங்கச் சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்தால் உள்ளூர் மாதப் பாஸ் எடுக்கலாம். 2025-26-ல் அதன் விலை 350 ரூபாயாக இருந்தது. அந்த ஒரு சாவடியை எத்தனை தடவை வேண்டுமானாலும் கடக்கலாம். ஆனால் "மாதம்" என்பது எடுத்த தேதியிலிருந்து 30 நாள் அல்ல, காலண்டர் மாதம். 22-ம் தேதி எடுத்தால் மாதக் கடைசியோடு முடிந்தது. கவுன்டரில் பணம் வாங்குகிறவர் இதை நமக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று நினைப்பார் போல, சொல்வதேயில்லை. ஒன்றாம் தேதியையொட்டி எடுங்கள்.

அடுத்த சிக்கல் முகவரி. நாகர்கோவில், சுசீந்திரம், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழிக்காரர்களுக்குத் தூரத்தில் தகராறு இல்லை. மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. தக்கலை, குளச்சல், கன்னியாகுமரி பக்கம்தான் இழுபறி. எந்த வழியில் அளந்தீர்கள் என்று கேளுங்கள். ஆர்சியில் பழைய முகவரியோ அப்பா பெயரோ இருந்தால், ஆதாரில் சரியான முகவரி இருந்தாலும் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வண்டி முகவரியை முதலில் மாற்றிவிட்டுப் போவதுதான் அலைச்சலைக் குறைக்கும். "பக்கத்தில் சர்வீஸ் ரோடு இருக்கிறது, பாஸ் கிடையாது" என்றும் சொல்லலாம். விதியில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருக்கிறது. சொன்னால், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். வாயால் சொல்லும் மறுப்புகள் பல, எழுதச் சொன்னதும் காணாமல் போகும்.

இப்போது வருடப் பாஸ் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்தது, ஓராண்டு அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு தடவை சாவடியைக் கடந்தால் ஒரு பயணம், திரும்பி வந்தால் இரண்டு. தினமும் ஒரே சாவடியைத் தாண்டி வேலைக்குப் போய்வருகிறவருக்கு 100 நாளில் தீர்ந்துவிடும். அவருக்கு மாதப் பாஸ்தான் லாபம், 2025-26 விலையில் வருடம் முழுக்க எடுத்தாலும் 4,200 ரூபாய்தான். மதுரைக்கும் சென்னைக்கும் ஓடுகிறவர் வருடப் பாஸ் எடுக்கட்டும். ஃபாஸ்டேக், வண்டியின் பதிவு எண் இல்லாமல் சேஸிஸ் நம்பரில் (கம்பெனி வண்டியில் பொறித்த எண்ணில்) மட்டும் பதிவாகியிருந்தால் வருடப் பாஸ் கிடைக்காது. வண்டி நம்பரைச் சேர்க்க டேக் கொடுத்த வங்கியைத்தான் பிடிக்க வேண்டும்.

மஞ்சள் போர்டு வண்டிக்கு இந்த இரண்டு பாஸும் கிடையாது. கடன் வாங்கி டாக்சி ஓட்டுகிறவர், தோவாளைப் பூவை மினிவேனில் ஏற்றி ஓடுகிறவர் எல்லாம் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வணிக வண்டிக்குப் பாதிக் கட்டணம்தான். நேஷனல் பெர்மிட் (மாநிலம் தாண்டிச் சரக்கு ஏற்றும் அனுமதி) வண்டிக்கு மட்டும் இது பொருந்தாது. டிஎன் 74, டிஎன் 75 இரண்டுமே குமரி மாவட்டப் பதிவுதான். மார்த்தாண்டத்தில் பதிவானது என்று சொல்லித் திருப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நாங்குநேரி சாவடி திருநெல்வேலி மாவட்டம், அங்கே இந்தப் பாதி செல்லாது. எந்தச் சாவடியிலும் கட்டணப் பலகை இருக்கும். மாவட்ட வணிக வண்டிக்கான தொகையைப் பலகையில் பார்த்துவிட்டு, வங்கியிலிருந்து வரும் மெசேஜோடு ஒப்பிடுங்கள். முழுத் தொகை பிடித்திருந்தால், ஆர்சியோடு சாவடி அலுவலகத்தில் போய்ச் சலுகையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். டேக் தானாக மாவட்டத்தைக் கண்டுபிடித்துக் குறைத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம், மெஷின் பிரச்சினை. "டேக் ரீட் ஆகலை, கேஷ் கொடு" என்றால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். டேக் செல்லுபடியாக இருந்து, போதிய பணமும் இருந்து, கோளாறு அவர்கள் கருவியில் என்றால் கட்டணமே இல்லாமல் விட வேண்டும், பூஜ்ஜியத் தொகை ரசீதும் தர வேண்டும். 2018-லிருந்தே இதுதான் விதி. வங்கி ஆப்பில் டேக் நிலையையும் இருப்பையும் காட்டுங்கள், லேன் எண்ணும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள், நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் போடுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் நாம் பணத்தை நீட்டிவிடுவோம் என்பது ஊழியருக்கும் தெரியும். கோளாறு நம் டேக்கில்தான் என்றால் ரொக்கம் கொடுக்காதீர்கள். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கம் என்றால் இரண்டு மடங்கு.

வண்டி வீட்டில் நிற்கும்போது பணம் பிடித்தால்? வங்கி சாவடியைக் கேள் என்னும், சாவடி வங்கியைக் கேள் என்னும். டேக் கொடுத்த வங்கியில்தான் புகாரைப் பதிய வேண்டும். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. புகார் எண் இல்லாதவர் புகாரே கொடுக்காதவர் கணக்குத்தான்.

வண்டியை விற்றால் டேக்கை மூடியதற்கு வங்கியிடமிருந்து பதில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். வாங்கியவர் ஊர் ஊராகப் போவார், பணம் உங்கள் கணக்கில் கழியும்.