மூங்கில் துணி கிருமியைக் கொல்லாது

இந்த ஐப்பசியில் இப்படி எத்தனை குழந்தைகளைப் பார்த்தேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். நேற்று மாலை திருவையாறு பக்கத்திலிருந்து ஏழு மாதக் குழந்தை. துணி டயப்பரைக் கழற்றினால் தொடையிடுக்கு முழுக்கச் செக்கச்செவேல், ஓரமெல்லாம் கடுகு தெளித்த மாதிரி சின்னச் சின்னப் பொரிகள். பூஞ்சைத் தொற்று. உள்ளே வைத்திருந்த துணி சொதசொதவென்று இருந்தது.

"எப்பம்மா மாத்துனது?" என்றேன். பாட்டிதான் பதில் சொன்னார்: "காலையில போட்டது டாக்டர். மூங்கில் துணியாச்சே, கிருமியே அண்டாதுன்னு அட்டையில போட்டிருக்கு."

அந்த அட்டை வாசகத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூங்கில் துணி என்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு எல்லாம் சேர்த்துக் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியே அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி நூலாக்குகிறார்கள். உங்கள் பீரோவில் இருக்கும் ரேயான் சுடிதாரும் மரக்கூழிலிருந்து இதே வழியில்தான் வருகிறது. மூங்கில் செடிக்கு என்ன குணம் இருந்தாலும், இத்தனை காரத்தையும் அமிலத்தையும் தாண்டி அது துணிக்கு வந்து சேராது. அமெரிக்க வணிக ஆணையம் 2009-லேயே கிருமி அண்டாது என்று சொல்லி விற்றவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 2022-ல் ரேயானை மூங்கில் என்று விற்ற இரண்டு பெரிய கடை நிறுவனங்கள் 55 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

துணி மோசம் என்று சொல்லவில்லை. மெத்தென்று இருக்கும், ஈரத்தை நன்றாகக் குடிக்கும். ஆனால் குடித்ததைச் சீக்கிரம் விடாது. நம் ஊர் அடைமழையில் கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் நடு மடிப்பில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். அதையே எடுத்துப் போட்டால் புண் வராமல் என்ன செய்யும்?

எந்தத் துணியானாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் கழித்தால் உடனே. தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பவுடர் வேண்டவே வேண்டாம். துவைக்கும்போது வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள், துணி ஈரம் குடிக்காது. மழை முடியும்வரை பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டினாலே போதும், ஃபேன் காற்றில் ஒரே இரவில் காய்ந்துவிடும்.

அப்புறம், மெடிக்கலில் கேட்டு வாங்கும் க்ரீம். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் சிவப்பு குறையும், பிறகு இரண்டு மடங்காகத் திரும்பும். இந்தக் குழந்தைக்கும் நான்கு நாள் அதைத்தான் தடவியிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, கொப்புளமோ சீழோ காய்ச்சலோ இருக்கிறது என்றால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தடவிய டியூபையும் கையோடு எடுத்து வாருங்கள். திட்டமாட்டேன், அதைப் பார்த்தால்தான் அடுத்து என்ன கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.