சராசரி 505 கிராம், ஆனாலும் எடை குறைகிறது

அரைக் கிலோ சத்துமாவு பாக்கெட் போடும் சிறு கூடங்களில் எடையைச் சரிபார்க்கிற வழக்கம் ஒன்று உண்டு. பத்து பாக்கெட்டை மொத்தமாகத் தராசில் ஏற்றுவார்கள். ஐந்து கிலோவுக்குக் குறையவில்லை என்றால் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். இதில் தெரிவது சராசரி மட்டும்தான். எதில் குறைந்தது, எதில் அள்ளிக் கொடுத்தோம் என்பது தெரியாது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக வரைந்து மறந்த நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்) அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: எடைப் பிரிவுக்கு ஒரு பட்டை, அதில் விழுந்த பாக்கெட் எண்ணிக்கையே பட்டையின் உயரம். வேண்டியது 50 பாக்கெட், ஒரு கட்டம் போட்ட தாள், ஒரு மணி நேரம்.

முதலில் சோதனைக்கென ஒரே ஒரு தராசை ஒதுக்குங்கள். முத்திரையிட்ட 500 கிராம் எடைக்கல்லை அதில் வைத்துப் பார்த்து, சரியாகக் காட்டினால் மட்டும் மேலே போகலாம். காலி கவர் பத்தைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு கவரின் எடை கிடைக்கும்; ஒற்றைக் கவரை ஒரு கிராம் படியில் காட்டும் தராசில் நிறுப்பது வீண்வேலை. ஒவ்வொரு பாக்கெட்டின் எடையிலும் இதைக் கழித்து எழுதுங்கள். பக்கத்திலேயே எந்த மேசையில் நிரப்பியது, எத்தனையாவது பாக்கெட் என்பதையும் குறித்துவிடுங்கள். இந்த இரண்டையும் எழுதாமல் விட்டால் கடைசியில் படம் இருக்கும், காரணம் தெரியாது.

உதாரணத்துக்கு இரண்டு மேசை, மேசைக்கு 25 பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த எடை 488, கூடியது 519, வீச்சு 31. ஐம்பது அளவுகளுக்கு ஏழெட்டுப் பிரிவு போதும் என்பதால், பிரிவு இடைவெளி 4 கிராம். ஒரு பிரிவின் மேல் எல்லையில் விழும் எடை அடுத்த பிரிவுக்குப் போகும். அதாவது 492 கிராம் பாக்கெட் 492–496இல் சேரும்.

488–492 : 2
492–496 : 5
496–500 : 9
500–504 : 5
504–508 : 3
508–512 : 11
512–516 : 12
516–520 : 3

சராசரி போட்டால் சுமார் 505 கிராம். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்த 505 விழுகிற பிரிவில் இருப்பவை வெறும் மூன்று பாக்கெட்! படத்தில் இரண்டு திமில்கள், நடுவே பள்ளம். இரட்டைத் திமில் தெரிந்தால் இரண்டு வேறு வேலைகள் ஒரே பட்டியலில் கலந்திருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்: இரண்டு தராசு, இரண்டு கை, அல்லது இரண்டு ஷிஃப்ட்.

மேசைவாரியாகப் பிரித்தால் விஷயம் வெளியே வரும். முதல் மேசையின் சராசரி 498. எடை குறைந்த 16 பாக்கெட்டும் அங்கே போட்டவைதான். இரண்டாம் மேசையின் சராசரி 512.

முதல் மேசையில் அடிக்கடி நடக்கும் தவறு, காலி கவரை வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூஜ்ஜியம் காட்டவைக்கும் டேர் பொத்தானை அழுத்தாமல் மாவைக் கொட்டுவது. தராசு 503 காட்டும். கவர் 5 கிராம் என்றால் உள்ளே மாவு 498தான். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன்படி 500 கிராம் பாக்கெட்டில் தனித்தனியாக 15 கிராம் வரை பிழை அனுமதி உண்டு. அந்தக் கணக்கில் 488கூடத் தப்பிவிடும். ஆனால் மாதிரியின் சராசரி அச்சிட்ட எடைக்குக் கீழே இறங்கக்கூடாது. முதல் மேசைப் பெட்டிகள் மட்டும் ஒரு கடைக்குப் போய், சோதனையும் அங்கே நடந்தால் மாட்டிக்கொள்வோம்.

இரண்டாம் மேசையில் வேறு கதை. குறைந்துவிடுமோ என்ற பயத்தில் கடைசியில் ஒரு கரண்டி கூடுதலாக விழுகிறது. பாக்கெட்டுக்கு 12 கிராம். ஒரு நாளைக்கு 150 பாக்கெட் என்றால் 1.8 கிலோ. மாதம் 25 நாள் வேலையில் 45 கிலோ மாவு, அதாவது 90 பாக்கெட், காசில்லாமல் போகிறது.

மையத்தை மட்டும் பார்த்தால் போதாது, அகலத்தையும் பாருங்கள். இரண்டாம் மேசையின் 25 பாக்கெட்டும் மூன்றே பிரிவுக்குள் அடங்கிவிட்டன. கை நிதானமானது, குறியை 8 கிராம் இறக்கச் சொன்னால் போதும், ஒன்றும் 500க்குக் கீழே போகாது. முதல் மேசை ஆறு பிரிவுகளில் சிதறிக் கிடக்கிறது. டேர் அழுத்தக் கற்றுக்கொடுத்தால் 5 கிராம் ஏறும், சிதறல் அப்படியே இருக்கும். அங்கே கடைசி 20 கிராமைப் பெரிய கரண்டியால் கொட்டாமல் சின்னக் கரண்டியால் தூவ வைக்க வேண்டும். தராசின் எண் நின்ற பிறகே கவரை எடுக்க வேண்டும்.

படம் சீப்புப் பல் போல, இடையிடையே காலியாக வந்தால் மாவைக் குறை சொல்லாதீர்கள். 5 கிராம் படியில் காட்டும் தராசு 490, 495, 500 என்றுதான் சொல்லும். 4 கிராம் பிரிவு போட்டால் 496–500உம் 516–520உம் எந்நாளும் காலிதான். பிரிவு இடைவெளி தராசின் படிக்கு மடங்காக இருக்க வேண்டும். அந்தத் தராசுக்கு 5 அல்லது 10. சரியாக 500இல் இடதுபக்கம் கத்தியால் வெட்டியதுபோல நின்றால், குறைந்த பாக்கெட்டை ஒதுக்கியிருக்கிறார்கள், அல்லது 498ஐ 500 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம்.

ஓரத்தில் எண்ணிக்கை குறைவு என்று 488–496ஐ ஒரே பிரிவாக்கினால் ஏழு பாக்கெட் சேரும். அதை 7 உயரத்துக்கு வரைந்தால் படம் பொய் சொல்லும். அகலம் இரட்டித்ததால் உயரம் 3.5.

எக்செல்லில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிரிவுவாரியாக எண்ணிக் கொடுக்கும் அதன் ஃப்ரீக்வென்சி (FREQUENCY) சூத்திரம் மேல் எல்லையையும் அதே பிரிவில் எண்ணிவிடும். 492 என்று கொடுக்காமல் 491, 495 என்று எல்லை கொடுங்கள்.

திருத்தம் செய்த ஒரு வாரம் கழித்து மறுபடி 50 பாக்கெட் எடுங்கள். பிரிவு எல்லைகளை மட்டும் மாற்றாதீர்கள். அப்போதுதான் பழைய தாளின்மேல் புதியதை வைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட முடியும்.