ப்ளூ கட் கண்ணாடி கேக்காதீங்க, புக்கு வாங்குங்க

குரூப் 4 பரீட்சை நெருங்கினாலே எங்க கண் ஓபில ஒரே மாதிரி கேஸா வர ஆரம்பிச்சிடும். நேத்து மட்டும் அஞ்சு பேரு. கடைசியா வந்த பொண்ணுக்கு 24 வயசு, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அத்தனை ஸ்கூல் புக்கையும் பிடிஎஃப்பா போன்ல வச்சிருக்கு, வீட்ல மத்தவங்க தூங்கணுமேன்னு லைட்ட ஆஃப் பண்ணிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதுலயே படிக்குது. கண்ணு எரியுது, தலைவலி, நிமிந்து பாத்தா பஸ் போர்டு மங்கலாத் தெரியுது. ஆனா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "டாக்டர், நல்ல ப்ளூ கட் லென்ஸா எழுதிக் குடுங்க." அதான், நீல வெளிச்சத்தத் தடுக்கும்னு சொல்லி விக்கற கண்ணாடி.

எத்தனை தடவைதான் சொல்றது! உங்க கண்ணு எரியறதுக்கு நீல வெளிச்சம் காரணமே இல்ல. போன்ல இருந்து வர்ற நீல வெளிச்சத்தவிட பகல்ல வெளிய நடந்தா வானத்துல இருந்து கண்ணுக்குள்ள வர்றது பல மடங்கு அதிகம், அதுக்கு யாரும் பயப்படறதில்ல. 2023ல, மருத்துவ ஆய்வுகள அலசிப் பாக்கற காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகள ஒண்ணா வச்சுப் பாத்துட்டு, சாதாரணக் கண்ணாடியவிட இந்த லென்ஸ் கண் சோர்வக் குறைக்கும்னு தெரியலன்னுதான் சொல்லிச்சு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் இதப் பரிந்துரைக்கறதில்ல. கடைல கூடக் காசு வாங்கிட்டு மாட்டி விடுறாங்க, நீங்களும் இனி கண்ணு பத்திரம்னு நம்பி இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலா போனப் பாக்கறீங்க, அதான் எனக்கு ஆத்தாமையே.

போனையே பாத்துட்டு இருந்தா கண் இமைக்கறது குறையுது, அதான் எரிச்சல். அந்தப் பொண்ணுக்கு கண்ணுல சாயம் வச்சுப் பாத்தேன், பத்து செகண்டாவது நிக்க வேண்டிய கண்ணீர்ப் படலம் நாலு செகண்ட்ல உடையுது. அப்புறம் தூரம். புக்குன்னா மடியிலயோ டேபிள்லயோ கெடக்கும், போன்ல எழுத்து பொடிசா இருக்கறதால மூக்குக்கிட்ட கொண்டு போயிடுறீங்க, கண்ணுக்குள்ள கிட்டப் பாக்க உதவுற தசை இறுகிப் போயி விடவே மாட்டேங்குது, அதான் நிமிந்து பாத்தா தூரத்துல மங்கலாத் தெரியுது. படிச்சதாவது நிக்குதான்னா அதுவும் சந்தேகம். 2018ல வந்த ஒரு ஆய்வு, 54 ஆராய்ச்சிகள், 1,70,000 பேருக்கு மேல, அதுல காகிதத்துல படிச்சவங்கதான் நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க, நேரம் வச்சுப் படிக்கறப்ப வித்தியாசம் இன்னும் கூடுது. பரீட்சைக்குப் படிக்கறவங்க நீங்கதானே இத முதல்ல யோசிக்கணும்?

புக்கு வாங்கக் காசில்லன்னா பக்கத்து வீட்டுப் பசங்க படிச்சு முடிச்சத கேளுங்க. வேண்டிய பாடத்த மட்டும் ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுங்க. சென்னைல அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைல கலைஞர் நூற்றாண்டு நூலகம் ரெண்டுலயும் போட்டித் தேர்வுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, வெளிச்சமும் நல்லா இருக்கும். வேற வழியே இல்ல, ஸ்க்ரீன்லதான்னா கிண்டில் மாதிரி, காகிதம் போலத் தெரியற இ-இங்க் ஸ்க்ரீன் பரவாயில்ல. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வெளிய பாருங்க. இருட்டுல படிக்காதீங்க. புக்கா இருந்தாலும் மூக்குக்கிட்ட வச்சா அதுவும் தப்புதான், ஒரு முழம் தள்ளி வைங்க.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேக்கறேன். கம்ப்யூட்டர் செக்கப் ரிப்போர்ட்ட மட்டும் நம்பி கண்ணாடி போட்டுடாதீங்க, தசை இறுகியிருந்தா அதுல பவர் கூடுதலாக் காட்டலாம். அந்தப் பொண்ணுக்கு வெளிய ஒரு கடைல மைனஸ் 1.50னு அடிச்சுக் குடுத்திருந்தாங்க. சொட்டு மருந்து போட்டு தசையத் தளர்த்திட்டுப் பாத்தா வெறும் மைனஸ் 0.25தான் இருக்கு.